மூக்கால் பாடிய கிராமபோன்: கோபி வட்டாரத்து வீடொன்றில் நடந்த பழுதுநீக்கம்

பின்னணி

கோபிசெட்டிபாளையம் அருகே, தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் ஒரு தோட்டத்து வீடு. பழைய தொட்டிக்கட்டு வீடு. நடுவில் வானம் பார்த்த தொட்டி, சுற்றிலும் ஆசாரம் என்னும் தாழ்வாரம். வீட்டின் மூத்தவர் எண்பதைக் கடந்த பெண்மணி. அவருடைய மாமனார் வாங்கிய, சாவி கொடுத்து ஓட்டும் மேசை கிராமபோன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அட்டாலியில் (பரணில்) கிடந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெக்கானிக்காக இருக்கும் பேரன் அதை இறக்கித் துடைத்து, கிடைத்த எண்ணெயை ஊற்றி ஓட்டிப் பார்த்தார். ஓடியது. ஆனால் பாட்டு பாட்டாக வரவில்லை.

பெட்டியோடு அறுபது இசைத்தட்டுகளுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தன. பாதிக்கு மேல் 1930, 40களின் நாடகப் பாட்டும் சினிமாப் பாட்டும். கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் பாடியவற்றை மட்டும் துணி உறை தைத்துத் தனியாக வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்கு அவர் பக்கத்து ஊர்க்காரர். அவர் குரல் கேட்க வேண்டும் என்பதே வேலையின் நோக்கம்.

பெட்டி கோவை கணபதியில் உள்ள ஒரு சிறு லேத் பட்டறைக்கு வந்தது. பம்பு, தறி உதிரிகள் கடையும் பட்டறை. பழைய கிராமபோன்களையும் பார்ப்பதுண்டு. கூடவே வந்த மூதாட்டி குறையை ஒரே மூச்சில் சொன்னார்: “பாட்டு மூக்குல பாடற மாதிரி இருக்குதுங்க தம்பி. முந்தியெல்லாம் ஆசாரத்துல வெச்சா களத்து வரைக்கும் கேக்குமுங்க.” பேரன் மேலும் மூன்றைச் சேர்த்தார். பாதிப் பாட்டில் வேகம் இறங்குகிறது, பெட்டிக்குள் ‘டொக்’ என்று இடிக்கிறது, சில தட்டுகளில் ஊசி தாவிவிடுகிறது. “ஏனுங்கண்ணா, உள்ளுக்குள்ள ஒரு மைக் வெச்சு ஸ்பீக்கர்ல விட்டா ஆகாதுங்களா?” என்றும் கேட்டார்.

ஆகும். ஆனால் கெட்டுப்போன ஒலியைப் பெரிதாக்கினால் கேடும் பெரிதாகும். இந்தக் கருவியில் ஒலியைக் கூட்டும் பாகம் எதுவும் கிடையாது. தட்டின் வரிப்பள்ளம் ஊசியை ஆட்டுகிறது. ஊசித் தண்டு நெம்புகோலாகி, சவுண்டு பாக்ஸ் என்னும் வட்டத் தலைக்குள் இருக்கும் மெல்லிய மைக்காத் தகட்டை ஆட்டுகிறது. மைக்கா காற்றை ஆட்டுகிறது. குழல் அந்தக் காற்றை அறைக்குள் தள்ளுகிறது. வழியில் எங்கே கசிந்தாலும், எங்கே இறுகினாலும், அங்கே போனது திரும்பாது. ஆகவே வேலை முழுவதும் வீணாவதை அடைப்பதுதான் என்று முடிவானது.

முதல் நாள் கவனித்தவை

முதல் கேள்வி, பெட்டி அசல்தானா என்பது. பளபளக்கும் பித்தளைக் குழலும் நாய் மார்க்கும் வைத்துப் ‘புராதனம்’ என்று விற்கும் புதுப் பெட்டிகள் நாடெங்கும் திரிகின்றன. மெல்லிய பலகையில் அவசரமாக ஒட்டிய பெட்டி, உடைத்த சூட்கேஸ் கிராமபோனிலிருந்து பிடுங்கிய மோட்டார், எதற்கும் பொருந்தாத கை (சவுண்டு பாக்ஸைத் தாங்கும் குழாய்): இதுதான் அவற்றின் அடையாளம். அவற்றில் ஒன்றாக இருந்தால் செலவு செய்வதே வீண். இந்தப் பெட்டி அப்படியில்லை. இரட்டை ஸ்பிரிங் மோட்டார், முனை நோக்கிச் சிறுக்கும் கை, எக்ஸிபிஷன் வகை சவுண்டு பாக்ஸ் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தின. மோட்டார் பலகையின் திருகு ஓட்டைகளில் இரண்டாம் முறை துளைத்த தடம் இல்லை. குழல் மட்டும் பிற்காலத்தது. மெல்லிய பித்தளைத் தகடு, கையையும் குழலையும் இணைக்கும் வளைவான முழங்கையில் சரியாக உட்காராமல் சாம்பல் நிற எபாக்ஸி மாவால் அப்பியிருந்தது. அதை வீட்டாரிடம் அன்றே சொல்லியாகிவிட்டது.

அடுத்து வேகம். வீட்டுத் தட்டு எதையும் சோதனைக்கு எடுக்கவில்லை. அடையாளத்தாள் கிழிந்த ஒரு கழிவுத் தட்டையே கடைசிவரை பயன்படுத்தினோம். ஒரே தட்டு, ஒரே இடம், ஒவ்வொரு வேலைக்குப் பின்னும். தட்டுக்கடியில் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டி வைத்து, ஊசி பாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணியதில் முதல் நிமிடம் 72, மூன்றாம் நிமிடம் 63. வேண்டியது 78. ஊசியைத் தூக்கிவிட்டு எண்ணினால் 80 வரை போனது. வெறுமனே சுற்றவிட்டு வேகம் வைப்பவர்கள் ஏமாறும் இடம் இது: ஊசியின் இழுவை சேரும்போதுதான் மோட்டாரின் உண்மையான பலம் தெரியும்.

ஊசியைப் பார்த்ததும் பாதிக் கதை புரிந்துவிட்டது. துருப்பிடித்த ஒரே ஊசியால் பதினைந்து பக்கங்களுக்கு மேல் ஓடியிருந்தது. அதற்கு முன் ஒரு குண்டூசியும் போட்டுப் பார்த்தார்களாம். உருப்பெருக்கியில் முனை உளிபோலத் தட்டையாக, இருபுறமும் விளிம்பு கட்டி நின்றது. புது எஃகு ஊசி ஒன்றைப் போட்டதும் கரகரப்பு கணிசமாகக் குறைந்தது. மூக்கடைப்பு அப்படியே இருந்தது.

சவுண்டு பாக்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முதுகுத் துளையில் மெல்ல உறிஞ்சிப் பார்த்தால் காற்று தடையில்லாமல் வந்தது. மைக்காவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள் செத்திருக்கின்றன என்று பொருள். ஊசி முனையை விரல்நுனியால் லேசாக வருடினால் நல்ல பாக்ஸில் ‘டிக்’ என்று கூர்மையாகக் கேட்கும். இதில் சொத்தென்று கேட்டது.

எதை முதலில் தொடுவது

குறை ஒலியில் இருந்தாலும் மோட்டாரையே முதலில் எடுத்தோம். வேகம் அலையும்போது சவுண்டு பாக்ஸைச் சரிசெய்தால், திருத்தம் பலித்ததா இல்லையா என்பதைக் காது பிரித்தறியாது. சுருதி ஏறி இறங்கும் குரல் எப்படியும் மூக்கால் பாடுவதுபோலத்தான் கேட்கும். இன்னொரு காரணமும் உண்டு. ‘டொக்’ என்ற இடி ஸ்பிரிங்கிலிருந்து வருவது. அது அதிரும் பெட்டியில் புதிதாகப் பொருத்திய மைக்காவை ஓட்டுவது புத்திசாலித்தனம் இல்லை.

மோட்டார்

சாவியின் இறுக்கம் முழுவதும் தீரும்வரை தட்டைச் சுற்றவிட்டபின் மோட்டாரை இறக்கினோம். இறுக்கம் தீர்ந்துவிட்டது என்று நம்பி ஸ்பிரிங் டப்பாவைத் திறப்பது ஆபத்து. சாவி தீர்ந்தாலும் டப்பாவுக்குள் அடைபட்ட சுருள் விரியத் துடித்துக்கொண்டேதான் இருக்கும். பாய்ந்தால் விரலெலும்பு தெரிய வெட்டும். தடித்த தோல் கையுறை போட்டு, டப்பாவையும் கைகளையும் ஒரு சாக்குக்குள் விட்டு, நடுச்சுருளை அச்சுக் கொக்கியிலிருந்து விடுவித்து ஒவ்வொரு சுற்றாக வெளியே விட்டதில் பத்து நிமிடத்தில் ஒன்று வந்தது.

உள்ளே கிரீஸ் தார்போல இறுகியிருந்தது. சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இழுவை தாங்காதபோது திடீரென்று பிய்த்துக்கொண்டு நழுவும், அதுதான் ‘டொக்’. பேரன் மேலிருந்து ஊற்றிய என்ஜின் எண்ணெய் டப்பாவுக்குள் போகவே இல்லை. அது பல்சக்கரங்களில் தூசியைப் பிடித்து வைத்தது, அவ்வளவுதான்.

இரு ஸ்பிரிங்குகளையும் டீசலில் ஊறவைத்துத் துணியால் உருவித் துடைத்து, வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். விரிசல் விடும் இடம் பெரும்பாலும் கொக்கி மாட்டும் ஓட்டையின் ஓரம். இரண்டிலும் விரிசல் இல்லை. ஒன்றில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குத் துருப்புள்ளி. மாற்றலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டோம். புள்ளி ஆழமில்லை, புது ஸ்பிரிங்கின் அகலமும் தடிமனும் முனை வடிவும் இம்மியும் மாறாமல் கிடைக்காவிட்டால் இருப்பதையும் கெடுத்துக்கொள்ள நேரும்.

புதுக் கிரீஸுக்கு 100 கிராம் வாசலினில் 15 கிராம் கிராபைட் தூள் கலந்தது. கோவையில் வார்ப்பட ஆலைகளில் அச்சுக்குப் பூச கிராபைட் தாராளமாகப் புழங்குகிறது; முதலில் வாங்கியதும் அதுதான். இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்ததில் மணல் நெருடியது. அதைப் போட்டிருந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததுபோல ஆகியிருக்கும். பூட்டுக்குப் போடும் நைசான தூளை வாங்கி, வெள்ளைத் துணியில் சலித்துக் கலந்தோம். ஒரு டப்பாவுக்கு இரண்டு தேக்கரண்டி போதும். சுருள்களுக்கிடையே மெல்லப் படிய வேண்டும், பிதுங்கி வழியக் கூடாது.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில்தான் உண்மையான கோளாறு இருந்தது. ஒரு சுழல்தண்டு, அதைச் சுற்றி மூன்று சிறு எடைகள், ஒவ்வொரு எடையையும் தாங்கும் மெல்லிய எஃகு இலை. வேகம் கூடினால் எடைகள் விரிந்து, ஒரு வட்டத்தகட்டை இழுத்துத் தோல் பட்டையில் உராய வைக்கும். மூன்று இலைகளில் ஒன்று எப்போதோ முறிந்து, அதன் இடத்தில் யாரோ சவர பிளேடை வெட்டிப் பொருத்தியிருந்தார்கள். மற்ற இரண்டும் 0.2 மி.மீ. தடிமன்; பிளேடு 0.1 மி.மீ. மூன்று எடைகள் மூன்று விதமாக விரிந்தால் தண்டு ஆடும், தகடு தள்ளாடும், சுருதி நடுங்கும். நீண்ட ஆலாபனையில் குரல் குளிரில் நடுங்குவதுபோல வந்ததற்கு இதுவே காரணம்.

ஒன்றை மட்டும் மாற்றுவது தவறு. பழைய எஃகும் புது எஃகும் ஒரேபோல வளையாது. மூன்றையும் 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் எஃகுத் தகடு) இலையிலிருந்து வெட்டினோம். கடினப்படுத்திய அந்த எஃகை நேராகத் துளைத்தால் கிழியும்; இரு பித்தளைத் தகடுகளுக்கிடையே இறுக்கிப் பிடித்து, கார்பைடு துரப்பணத்தால் மெதுவாகத் துளைக்க வேண்டும். பொருத்தும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. அசையாதபோது இலைகள் நேராக இருக்க வேண்டும். வட்டத்தகட்டின் கழுத்து தண்டில் தடையின்றி வழுக்க வேண்டும்.

தண்டின் இரு முனைகளும் உட்காரும் புஷ்கள் (தாங்கும் உருளைகள்) மையம் விலக்கிக் கடைந்தவை. அவற்றைத் திருப்பினால் தண்டின் புழுப்பல் (திருகு வடிவப் பல்) பல்சக்கரத்தை நெருங்கும் அல்லது விலகும். நெருக்கம் மிஞ்சினால் மோட்டார் நிற்கும். குறைந்தால் கரகரவென்று இரையும். முனையில் ஒரு தாளின் தடிமன் அளவுக்கு ஆட்டம் விட்டு நிறுத்தினோம். இந்த இடத்துக்கு மட்டும் அரை நாள் போயிற்று.

தாங்கிகளுக்கு நூற்பாலைகளில் பயன்படும் ஸ்பிண்டில் ஆயில், இடத்துக்கு ஒரு சொட்டு. மெல்லியது, பிசுபிசுக்காது, இந்த வட்டாரத்தில் இதைவிட நல்லது தேட வேண்டியதில்லை. இல்லாவிட்டால் தையல் மெஷின் எண்ணெய். காய்ந்து கொம்பாகிப்போன தோல் பட்டைக்கு இரண்டு சொட்டு விட்டதும் கீச்சொலி நின்றது. ஸ்பிண்டில் ஆயிலை ஸ்பிரிங் டப்பாவுக்கு மட்டும் விடக் கூடாது. கிரீஸை நீர்த்து வடியச் செய்துவிடும்.

வேகத்தை உறுதிசெய்ய, 77 கோடுகள் கொண்ட வட்டம் ஒன்றை அச்செடுத்துத் தட்டின் நடுவில் வைத்தோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நிமிடத்துக்கு 6,000 முறை துடிக்கும். 77 கோடுகளும் அசையாமல் நிற்பதுபோலத் தெரிந்தால் வேகம் 77.92. பல எல்இடி பல்புகள் துடிப்பதில்லை. அவற்றின் கீழ் கோடுகள் கலங்கித்தான் தெரியும். நியான் இரவு விளக்கு ஒன்றை அருகில் வைத்ததும் பளிச்சென்று நின்றன. பத்து அங்குலத் தட்டு பாடி முடியும்போது 77க்குக் கீழே இறங்கவில்லை.

சவுண்டு பாக்ஸ்

நடுத்திருகின் மீதிருந்த பழைய மெழுகைச் சூடான பற்றாசுக் கோலின் நுனியால் இளக்கி, ஊசித் தண்டின் காலை மைக்காவோடு பிணைக்கும் திருகை எடுத்தோம். சூடு காட்டாமல் திருகினால் மைக்கா அங்கேயே உடையும். பிறகு முதுகுத் தகட்டின் மூன்று திருகுகள். ரப்பர் வளையங்கள் கல்லாகியிருந்தன. மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்தோம். கத்தி இந்த இடத்தில் பகை.

மைக்காவின் விளிம்பில் ஓரிடத்தில் அடுக்கு பிரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. வளையத்துக்கு அடியில் மறையும் இடம் என்பதால் அதையே வைத்துக்கொண்டோம். நடுப்பகுதியில் பிரிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கும் மைக்காத் தகட்டை வெட்டிப் போடுவோர் உண்டு. அது தடித்தது, சீரற்றது, ஒலி தகரம் தட்டுவதுபோல வரும்.

புது வளையங்களில் ஒரு தவறு நடந்தது. கைவசம் சைக்கிள் வால்வு டியூப் இருந்தது. பழங்காலத்திலிருந்தே இதற்குப் பயன்பட்ட பொருள், எந்த ஊர் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். ஆனால் கிடைத்த டியூப் பள்ளத்தைவிடத் தடித்தது. முதுகுத் தகட்டை இறுக்கியதும் டியூப் நசுங்கி மைக்காவை விறைப்பாகப் பிடித்துக்கொண்டது. ஒலி உரத்தது; கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு முதலில் மகிழ்ச்சிதான். இரண்டாம் நிமிடத்தில் குரல் உச்சத்துக்குப் போனபோது சீறி உடைந்தது. தாழ்ந்த சுருதிகள் காணாமல் போயிருந்தன. உரத்த ஒலியை நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்வது இந்தக் கருவியில் எளிதில் நேரும் பிழை.

மறுநாள் பிரித்து, 2.5 மி.மீ. வெளிவிட்டமும் மெல்லிய சுவரும் கொண்ட சிலிக்கோன் டியூபால் மாற்றினோம். மைக்காவின் சுற்றளவைவிட ஒரு மயிரிழை நீளமாக வெட்டி, இரு முனைகளும் முட்டும்படி வைத்தோம். முட்டும் இடம் ஊசித் தண்டுக்கு எதிர்ப்புறம் வர வேண்டும். மைக்காவின் ஓரம் உலோகத்தை எங்கும் தொடக் கூடாது. சுற்றிலும் ஒரே இடைவெளி. மூன்று திருகுகளையும் கால் சுற்று, கால் சுற்றாக மாற்றி மாற்றி இறுக்கினோம். தகடு நழுவாமல் நின்றால் போதும், நசுங்கத் தேவையில்லை.

அடுத்தது சமன். ஊசித் தண்டு இரு கத்தி விளிம்புகளில் அமர்ந்து, இருபுறமும் சிறு ஸ்பிரிங்குகளால் பிடிபட்டிருக்கிறது. நடுத்திருகைப் போடுமுன், தண்டின் கால் மைக்காவின் நடுவைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அழுத்தினாலும் இழுத்தாலும் மைக்கா ஒரு பக்கமாகக் குழிந்துவிடும், ஒலி அடங்கும். ஒரு பக்கத் திருகைத் தளர்த்திய அளவு மறுபக்கத்தை இறுக்கி, ஆறேழு முறை முயன்றபின் சரியாக நின்றது. பிறகு திருகு. அதன் மீது முன்னும் பின்னும் ஒவ்வொரு துளி தேன்மெழுகு, காற்று கசியாமலிருக்க. உறிஞ்சிப் பார்த்ததில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

பாக்ஸின் முதுகில் கையோடு இணைக்கும் ரப்பர் வளையமும் கல்லாகியிருந்தது. அது மென்மையாக இல்லாவிட்டால் உலோகத்தின் அதிர்வு நேராகக் கைக்குப் போய் இரையும். பம்பு உதிரிக் கடையில் வாங்கிய மென் ரப்பர்த் தகட்டில் பழையதன் அளவுக்கு வெட்டி, துளையை லேத்தில் சுத்தப்படுத்திப் பொருத்தினோம்.

கையும் குழலும்

கையின் அடிமூட்டில் தடித்த கிரீஸ் ஒரு பூச்சு. ஆட்டத்துக்கும் காற்றுக்கும் அதுவே காவல். முழங்கையில் அப்பியிருந்த எபாக்ஸியை உடைத்து எடுத்தபின், குழலுக்கும் முழங்கைக்கும் நடுவே 2 மி.மீ. சந்து தெரிந்தது. ஒலியின் ஒரு பகுதி இத்தனை நாளும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. 20-ஆம் நம்பர் பருத்தி நூலைத் தேன்மெழுகில் தோய்த்து, குழலின் கழுத்தில் நெருக்கமாகச் சுற்றித் திருகி உட்கார வைத்தோம். எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம் என்பதால் ஒட்டுப் பொருள் எதையும் தொடவில்லை. குழலின் தையல் ஓரிடத்தில் விட்டு, சில சுருதிகளுக்கு மட்டும் ‘ஜிர்’ என்றது. அந்த இடத்தில் உட்புறம் ஒரு சிறு ஃபெல்ட் துண்டு.

ஊசியும் தட்டும்

இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கடினம். தட்டு அரக்கும் கல்மாவும் கலந்து அழுத்தியது. அந்த மாவு வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. புது ஊசியின் முனையை முதல் சில சுற்றுகளிலேயே அரைத்து, பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. பக்கம் முடியும்போது முனை தேய்ந்து தோள் கட்டிவிடும். அதே ஊசியை அடுத்த பக்கத்தில் வைத்தால் இப்போது அரைபடுவது தட்டு. சவுண்டு பாக்ஸின் எடை நூறு கிராமுக்கு மேல். அவ்வளவும் அந்த ஒரு முனையில். ஆகவே ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. இதில் சிக்கனம் பார்த்தால் சுந்தராம்பாள்தான் தேய்வார்.

தட்டுகளைச் சிலர் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்திருந்தார்கள், மினுமினுப்புக்காக. எண்ணெயில் ஒட்டிய தூசி பள்ளத்தில் பசையாகியிருந்தது. இரண்டு தட்டுகளில் வெளிறிய திட்டுகள். கிருமிநாசினியால் துடைத்தது என்று பேரன் ஒப்புக்கொண்டார். அரக்கு சாராயத்தில் கரையும். ஸ்பிரிட், சானிடைசர், கொலோன் எதுவும் கிட்டே வரக் கூடாது. குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மென்மையான பிரஷ், பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் தேய்ப்பது, அடையாளத்தாளை நனைக்காமல் அலசி நிழலில் நிறுத்தி உலர்த்துவது. வெயிலில் வைத்தால் நெளியும்.

எல்பி வினைல் தட்டு ஒன்றும் கட்டில் இருந்தது. அதை இந்தப் பெட்டியில் வைக்கவே கூடாது. ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும்.

வீட்டுக்குத் திரும்பியபின்

பட்டறையில் நான்கு நாள் சரியாகப் பாடிய பெட்டி, வீட்டில் முதல் தட்டிலேயே தாவியது. தாவியது எப்போதும் உள்நோக்கி. மோட்டாரையும் கையையும் மீண்டும் சந்தேகித்து ஒரு மணி நேரம் போனது. பிறகு ரசமட்டத்தை ஆசாரத்துத் தரையில் வைத்ததும் விடை கிடைத்தது. மழைநீர் வடிய ஆசாரத்துத் தரை முழுவதும் தொட்டியை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. பெட்டியின் 40 செ.மீ. அகலத்தில் 6 மி.மீ. சாய்வு. கனமான கை சரிவைப் பார்த்துத் தானாக நகர்கிறது. பள்ளம் ஆழம் குறைந்த தேய்ந்த தட்டுகளில் பிடி விட்டுவிடுகிறது. இரு கால்களுக்கடியில் வேப்பமர ஆப்பு வைத்ததும் தாவல் நின்றது.

குழலைத் திருப்பிப் பார்த்ததிலும் ஒன்று தெரிந்தது. தொட்டியைப் பார்த்து வைத்தால் ஒலி திறந்த வானத்தில் கரைகிறது. ஆசாரத்தின் மூலையை முதுகில் வைத்து, கல் திண்ணையின் மீது உட்கார வைத்து, குழலைக் களத்துக் கதவை நோக்கித் திருப்பியதும் தாழ்ந்த சுருதிகளும் கூடி வந்தன. மர அலமாரியின் மேல் வைத்தபோது அலமாரியே சேர்ந்து உறுமியது.

களத்துக்குப் போய் நின்று கேட்டதில் குரலும் ராகமும் தெரிந்தன, சொற்கள் தெரியவில்லை. மூதாட்டியின் தீர்ப்பு நேர்மையானது: “சத்தம் வந்துருச்சுங்க. ஆனா அந்தக் காலத்துல இன்னும் கணீர்னு இருக்குமுங்க.” அது நினைவின் மயக்கம் மட்டும் இல்லை. அந்தக் கணீர் தட்டின் பள்ளச் சுவர்களில் இருந்தது. உளி முனை ஊசிகள் அதை அரைத்துக் கொண்டுபோய்விட்டன. அதிகம் கேட்காத ஒரு தட்டைப் போட்டபோது, அதே பெட்டியில் சொற்களும் களத்தில் விளங்கின.

ஆறு மாதம் கழித்து

சித்திரை வெயில் கடந்து, ஆடிக் காற்றில் மீண்டும் பார்த்தோம். வேகம் 78. சிலிக்கோன் வளையங்களில் மாற்றம் இல்லை. முழங்கையில் மெழுகு நூல் ஓரிடத்தில் தளர்ந்திருந்தது. இரண்டு சுற்று கூட்டினோம். தட்டுகள் இப்போது செங்குத்தாக நிற்கின்றன. முன்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதில் அடித்தட்டுகள் நெளிந்திருந்தன. கேட்டு முடித்தபின் சாவி முழுவதும் தீர விடும் பழக்கமும் வந்துவிட்டது. இறுக்கியபடியே மாதக்கணக்கில் விட்டால் ஸ்பிரிங் சோர்ந்துபோகும்.

ஊசியில் மட்டும் பழைய குணம் எட்டிப் பார்த்தது. “ஒரு ஊசிக்கு ரெண்டு பக்கம் ஓட்டறோமுங்கண்ணா, நல்லாத்தான் இருக்குது” என்றார் பேரன். அவர் முன்னாலேயே அந்த ஊசியை உருப்பெருக்கியில் காட்டியபின், புது ஊசிக்கு ஒரு கிண்ணம், பழைய ஊசிக்கு மூடிபோட்ட ஒரு டப்பா என்று பெட்டிக்கருகே இரண்டு வந்தன. டப்பாவின் மூடியில் உள்ள துளை ஊசி உள்ளே போகும் அளவுதான், விரல் போகாது.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

பெட்டி வைத்திருந்த இடத்தை முதலில் பார்த்திருக்க வேண்டும். ரசமட்டம் வைக்க ஒரு நிமிடம். அதைச் செய்யாததால் கோபிக்கும் கோவைக்கும் ஒரு நடை கூடியது, தாவலுக்காகக் கையின் மூட்டை ஒரு முறை வீணாகப் பிரித்தோம்.

வால்வு டியூபைப் பொருத்துமுன் பள்ளத்தின் ஆழத்தை அளந்திருந்தால் இரண்டாம் முறை மெழுகை இளக்க வேண்டியிருந்திராது. ஒவ்வொரு முறை அந்தத் திருகைத் தொடும்போதும் மைக்காவின் ஆயுள் ஒரு படி குறைகிறது.

கவர்னரைப் பிரிக்குமுன் படம் எடுக்கவில்லை. புஷ்கள் முதலில் எந்தக் கோணத்தில் நின்றன என்று தெரிந்திருந்தால் அந்த அரை நாள் மிஞ்சியிருக்கும்.

துருப்புள்ளி விழுந்த ஸ்பிரிங்கை மாற்றாமல் விட்டது இன்றுவரை சரியாகவே இருக்கிறது. அது முறிந்தால் மற்றதையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றும், இரண்டின் அகலம், தடிமன், டப்பாவின் உள்விட்டம், முனையின் வடிவம் ஆகியவற்றையும் எழுதிக் கொடுத்தாயிற்று.

குழல் தீராமல் நிற்கிறது. மெல்லிய பித்தளை சில சுருதிகளில் தானும் சேர்ந்து ஒலிக்கிறது; ஃபெல்ட் அதை அடக்குகிறதே தவிர நீக்கவில்லை. பழைய இரும்புத் தகட்டுக் குழல் ஒன்று எங்கேனும் கிடைத்தால் மாற்றுவது என்று வீட்டாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முழங்கை வாயின் வெளிவிட்டமும் உள்விட்டமும் வெர்னியரில் அளந்து எழுதிய சீட்டு, பெட்டியின் மூடிக்கு உள்புறம் சாவிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.